சன்னல் வழியே வருகிறவர்

லண்டனுக்கு வெளியே ஏதோ ஓர் ஊர்.
வாரம் ஒருமுறை, சரியாகப் பதினோராவது நிமிடம்,
வாசல் கதவு திறந்தே கிடக்க
அடுப்படிச் சன்னலில் காலைத் தூக்கிப் போட்டு
உள்ளே வருவார் ஓட்லி.
நனைந்த கோட்டு. கையில் கண்ணாடிக் குவளை.
செவ்வாயிலிருந்து முக்கால் அங்குலம், என்பார்.
ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு
வந்த வழியே போய்விடுவார்.
நாற்பது விநாடி.

கல்யாணம் ஆனவரா, எதற்கு மழையை அளக்கிறார்,
மூன்று பருவத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.
கதைக்கு நேரமில்லை, பாவம்.
அது கடன்கார மைத்துனனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே நான், சமாதானபுரத்து மாடியறையில்,
நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி
சீமைச் சிரிப்புத் தொடர்களுக்குத்
தமிழில் அடிவரி எழுதுகிறவன்.
திரைக்கு இரண்டு வரி. வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து.
கூட்டம் சிரித்தால், அடைப்புக்குறிக்குள் சிரிப்பொலி.

முதலில் ஓட்லியையும் ஒழுங்காகத்தான் எழுதினேன்:
"செவ்வாய் முதல் முக்கால் அங்குல
மழை பெய்துள்ளது."
வானிலை அறிக்கை மாதிரி விறைத்து நின்றது.
கீழே சிரிப்பொலி என்று போட
எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் கீழே ஜெராக்ஸ் கடை வாசலில்
அந்தக் குரலைக் கேட்டேன்.
கேட்டேன் என்ன, ஆறு வருஷமாகக் கேட்கிற குரல்தான்.
"பாவநாசம் தொண்ணூத்தேழே முக்கால்.
சேர்வலாறு நூத்திரெண்டு.
மணிமுத்தாறு அப்படியே கெடக்கு வே."
சொல்லிவிட்டு அடுத்து மருந்துக்கடை,
அதற்கடுத்து சலூன்.
சொந்தமாக ஒரு செண்டு வயல் கிடையாது.
பேர் அணைஞ்சபெருமாள்.
சத்தியமாக நான் வைத்த பேரில்லை.

அன்று ராத்திரியே ஓட்லி வாயைத் திறந்தார்:
"செவ்வாயில இருந்து
முக்கா இஞ்சு வே."
நான் சிரித்தேன். தனியாக, சத்தமாக.

சென்னையிலிருந்து சிவப்பு மையில் வந்தது:
வட்டார வழக்கு தவிர்க்கவும். இவர் ஆங்கிலேயர்.
கதாநாயகனும் ஆங்கிலேயன்தானே,
அவன் மட்டும் மயிலாப்பூர்க்காரன் மாதிரி
பேசலாமோ என்று கேட்டேன்.
பதில் இல்லை. நாலு நிமிடக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.
இரண்டாம் பருவம் ஐந்தாவதில் மட்டும்
அவர்கள் கண்ணுக்குத் தப்பி
இன்னமும் "வாரேம் வே" என்று சன்னலேறிப் போகிறார்.

பிறகு அந்த மார்கழி.
இரண்டு நாளாக விடாத மழை, கரண்டு இல்லை,
படிக்கட்டில் நாலு படி தண்ணீர்.
பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து
என் சன்னலில் ஒரு கால் விழுந்தது.
அணைஞ்சபெருமாள்.
"ரொம்பிட்டு வே. தொறந்துட்டானுவ.
கீழ்வீட்டுப் பிள்ளையள மேல ஏத்து."

எனக்குச் சிரிப்பு வந்தது.
மறைக்க என்ன இருக்கிறது, வந்தது.
பதினோராவது நிமிடம் என்று எங்கோ ஓடியது புத்தி.

சிரிப்பை முழுங்கிக்கொண்டு முதல்தடவையாகக் கேட்டேன்:
ஒங்க வீடு எங்க அண்ணாச்சி?
"கைலாசபுரம். ஆத்தங்கர."
அங்க யாரு இருக்கா என்பதற்குள்
ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.
பதில் மழையில் விழுந்தது.
எழுதி வைக்க எதுவும் கிடைக்கவில்லை.

நாலாம் பருவத்தில் ஓட்லி இல்லை.
நடிகர் செத்திருக்கலாம், சம்பளம் பேசி முறிந்திருக்கலாம்.
பதினோராவது நிமிடம்
காமிரா சும்மா சன்னலைக் காட்டுகிறது.
வசனம் இல்லாத இடத்தில் அடிவரி போடக்கூடாது.
போடவில்லை.

அணைஞ்சபெருமாள் தை பிறந்ததும் வந்துவிட்டார்.
முழங்காலில் கட்டு. சட்டை யாரோ கொடுத்தது.
வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
இப்போது ஊரே கேட்கிறது:
அண்ணாச்சி, இன்னைக்கு எவ்வளவு?
சலூனில் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்.
டீ வருகிறது.

அவருக்கு அது பிடிக்கவில்லை.
"பேப்பர்ல போட்டிருக்கான் பாரும்" என்று முறைத்துவிட்டு
எவனும் கேட்காத கடையைத் தேடி
தெற்குப் பஜார் பக்கம் நடக்கிறார்.